வீட்டில் வில்லுப்பாட்டுப் பதிவு: மைக்கையும் கேமராவையும் எங்கே நிறுத்துவது?

தோவாளைக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "நல்ல மைக் வாங்குங்கள்" என்ற பதில்தான் வருகிறது.

என் அப்பா வில்லுப்பாட்டுக்காரர். தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் நாற்பது வருடத்துக்கு மேல் பாடியவர். இப்போது வயது 71. முழங்கால் வலியால் இரண்டு வருடமாக மேடை ஏறவில்லை. குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் கதைகளில் ஒன்றையாவது வீட்டிலேயே உட்காரவைத்து ஒழுங்காகப் பதிவு செய்யவேண்டும் என்பது என் ஆசை. துபாயில் இருக்கும் தம்பி, போன விடுமுறைக்கு வந்தபோது சாமான்களை வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீ படித்தவள்தானே, பார்த்துக்கொள்" என்று சொல்லிப் போய்விட்டான். நான் படித்தது வணிகவியல்.

கையில் இருப்பவை: மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை டைனமிக் மைக் ஒன்று. மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்று. இரண்டையும் லேப்டாப்பில் சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். குறுக்கே நீளும் கை உள்ள பூம் ஸ்டாண்ட் ஒன்று, நேர் ஸ்டாண்ட் ஒன்று. வீடியோவுக்கு என் கைபேசியும் ஒரு சின்ன முக்காலியும்.

இடம் எங்கள் முன்னறை, 14 அடிக்கு 12 அடி. ஓட்டு வீடு, மேலே மரத்தட்டு. தரை சிவப்புச் சிமெண்ட். அப்பா நடுவில், வில்லுக்குப் பின்னால். அவருக்கு இடப்பக்கம் குடம் அடிக்கும் மாமா. வலப்பக்கம் உடுக்கை, அதற்கடுத்து ஜால்ரா. வில் ஏழரை அடி. அதை வைத்ததுமே அறை பாதியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் முயற்சி. கண்டென்சர் மைக்கைப் பூம் ஸ்டாண்டில் மாட்டி, அப்பாவுக்கு மூன்றடி முன்னால், ஆளுயரத்தில், கீழ்நோக்கி வைத்தேன். எல்லாரையும் ஒரே மைக் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு. டைனமிக் மைக்கைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கதைக்கு முன்னால் வரும் பகுதிகளில் முதலாவதான காப்பு பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வருபொருள் சொல்லும்போது பூம் ஸ்டாண்டின் கை மெல்லத் தலை குனிந்தது. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நாட்டுவளத்துக்கு வரும்போது மைக் போய்க் குடத்தின் வாய்க்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு பதிவில் குடத்தின் பெயரால் இடி முழக்கம் மட்டும்தான்.

சரிந்ததை விடுங்கள், சரியாமல் இருந்த பகுதியும் நன்றாக இல்லை. அப்பா கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கிறது. வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் பட்டதும் குலுங்கும் வில்மணிகள் காதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, பாட்டு எங்கோ தூரத்தில் இருக்கிறது. நடுநடுவே அப்பா "ஆமா" போடும் மாமாவின் பக்கம் திரும்பி வசனம் பேசுவார் அல்லவா, அந்த இடங்களில் குரல் பாதியாகிறது.

கைபேசியின் பதிவு இன்னும் விசித்திரம். வில்லை அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் குரல் அமுங்கி, அரை நொடி கழித்து எழும்பி வருகிறது. முக்காலியை ஒரு பெஞ்சின் மேல் வைத்திருந்தேன், படம் ஒவ்வோர் அடிக்கும் நடுங்குகிறது.

இன்னொரு கஷ்டம். ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் ஜன்னல்களை என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் பதிவு செய்யலாம் என்றால் பூச்சந்தைக்கு வண்டிகள் வரத் தொடங்கிவிடும்.

புதிதாக எதையும் வாங்க இப்போது வழியில்லை. இருப்பதை எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

—

வடசேரி வாசகன் எழுதியது:

ஆளுக்கு ஒரு காலர் மைக் மாட்டிவிட்டால் ஸ்டாண்ட் தொல்லையே கிடையாது. இரைச்சலை நீக்க இப்போது நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

—

மார்த்தாண்டம் மைக்செட் எழுதியது:

வடசேரித் தம்பி கோபித்துக்கொள்ளவேண்டாம். இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து வீசுகிறவர் சட்டையில் காலர் மைக் மாட்டினால் பதிவாவது பாட்டு அல்ல, வேட்டி சட்டை உரசும் சத்தம். அதோடு, மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து முதலில் தின்பது உடுக்கையின் இழைவைத்தான்.

தங்கச்சி, நான் முப்பது வருடமாகக் கொடைகளுக்கு மைக்செட் போடுகிறவன். மேடையில் நான் வாங்கிய திட்டுகளில் பாதி வில்லுப்பாட்டுக்காரர்களிடம் வாங்கியது. மற்ற கச்சேரிகளில் சத்தம் எழுப்பும் கருவி பாடுகிறவரிடமிருந்து தள்ளி இருக்கும். இதில் அவர் மூக்குக்கு முன்னாலேயே மணி கட்டித் தொங்குகிறது. அந்த மணியை ஒதுக்கிவிட்டுக் குரலை எடுப்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

முதலில் அந்தக் கிணற்றுச் சத்தம். மைக் மூன்றடி தள்ளி இருந்தால், வாயிலிருந்து நேராக வருவதோடு தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதும் சேர்ந்து வரும். உங்கள் சிமெண்டுத் தரை கண்ணாடி மாதிரி. ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். தரையில் பட்டு வருவது சற்றுப் பிந்தி வந்து நேராக வந்ததோடு மோதும்போது சில சுருதிகள் அழிந்துபோகும். அதுதான் கிணறு. குமிழைத் திருகி இதை எடுக்கமுடியாது. பக்கத்தில் போகவேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் விழும், பாதியானால் 6 டெசிபல் ஏறும். அறைக்குள் எதிரொலி கலப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் பக்கத்தில் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், நல்ல மிக்சர் வைத்திருப்பவனைவிட அளவு நாடா வைத்திருப்பவன் நல்ல பதிவு எடுப்பான்.

ஆகவே டைனமிக் மைக்கைப் பெட்டியிலிருந்து எடுங்கள். அப்பாவின் மைக் அதுதான். வாயிலிருந்து ஒரு சாண். மேடையில் நாங்கள் நாலு விரல் தூரத்தில் வைப்போம், ஏனென்றால் அங்கே ஒலிபெருக்கி ஊளையிடும் பயம் உண்டு. வீட்டில் அந்தப் பயம் இல்லை. நாலு விரலில் வைத்தால் குரலின் அடித்தளம் தேவைக்கு மேல் பருத்துக் கேட்கும். இந்த வகை மைக்குகளுக்கு அந்தக் குணம் உண்டு.

இப்போது திசை. இந்த மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்னால் வருவதை முழுதாகக் கேட்கும், பக்கவாட்டில் வருவது பாதியாகும், வாலுக்கு நேர் பின்னால் வருவதற்கு ஏறக்குறையச் செவிடு. நீங்கள் மேலேயிருந்து கீழ்நோக்கி வைத்தீர்கள். மைக்கின் முகம் அப்பாவை மட்டுமா பார்த்தது? வில், மணி, குடம், தரை எல்லாவற்றையும் பார்த்தது. திருப்பி வையுங்கள். பூம் ஸ்டாண்டின் காலை வில்லுக்கு வெளியே நிறுத்துங்கள். கை வில்லின் மேலாக உள்ளே வரட்டும். மைக்கின் தலை அப்பாவின் தாடைக்குச் சற்றுக் கீழேயிருந்து வாயை அண்ணாந்து பார்க்கட்டும். அப்போது வால் தானாக வில்மணிகளைப் பார்க்கும். செவிட்டுப் பக்கத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்தால் மைக் வைக்கும் வேலையில் பாதி முடிந்தது. பெட்டியில் சூப்பர்கார்டியாய்டு என்று எழுதியிருந்தால் மட்டும் செவிட்டு இடம் நேர் பின்னால் இருக்காது. முகத்திலிருந்து சுமார் 125 டிகிரி தள்ளிப் பக்கவாட்டில் இருக்கும். அதற்கேற்ப மைக்கை இன்னும் படுக்கவையுங்கள்.

மைக் வைப்பதற்கு முன் அப்பாவை ஒருமுறை வீசிக் காட்டச் சொல்லுங்கள். வீசுகோல் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துவிட்டுப் பூம் ஸ்டாண்டின் கையை உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு பெரியவர் என் மைக்கை வீசுகோலால் அடித்து, அதே தாளத்தில் அடுத்த அடியையும் பாடிவிட்டார். கூட்டம் கைதட்டியது. மைக்கின் வலைமூடி உள்ளே போய்விட்டது.

தலை திரும்பும் பிரச்சினை. குடத்தை நகர்த்தமுடியாது, வில் அதன் மேல் இருக்கிறது. மைக்கைத்தான் நகர்த்தவேண்டும். நேரே பார்க்கும் முகத்துக்கும் குடக்காரரைப் பார்க்கும் முகத்துக்கும் நடுவில், அதாவது அப்பாவின் இடக்கைப் பக்கமாக நாலைந்து விரல் தள்ளி வையுங்கள். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதில் இன்னொரு லாபம், "ப" வரும் இடங்களில் வாய்க்காற்று மைக்கில் நேராக மோதாது.

கண்டென்சர் மைக் மற்றவர்களுக்கு. நேர் ஸ்டாண்டில், வில்லுக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு ஓரடி மேலே. எங்கள் தொழிலில் ஒன்றுக்கு மூன்று என்று ஒரு கணக்கு உண்டு. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் என்றால் அடுத்த மைக் குறைந்தது மூன்று சாண் தள்ளி இருக்கவேண்டும். அப்போதுதான் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சம பலத்தோடு ஏறி ஒன்றையொன்று கெடுக்காது. நீங்கள் அதைத் தாண்டியே இருப்பீர்கள்.

ஜால்ரா சின்னதுதான், ஆனால் கண்டென்சர் மைக் அதைத்தான் மாப்பிள்ளையாக்கும். ஜால்ராக்காரரை வலக்கோடியில் இரண்டடி பின்னால் தள்ளி உட்காரவையுங்கள். மைக்கின் முகத்தைக் குடம் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். மார்புயரத்தில் அடிக்காமல் மடியில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பார். பிறகு பதிவைப் போட்டுக் காட்டினால் சமாதானமாகிவிடுவார்.

ஸ்டாண்ட் தலை குனிந்ததற்குக் காரணம் எடை. கனமான கண்டென்சர் மைக்கை நீட்டிய கையின் நுனியில் மாட்டிவிட்டீர்கள். டைனமிக் மைக் பெரும்பாலும் இலேசு, அது பூம் கைக்குப் போகட்டும். மூன்று கால்களில் ஒன்று நீட்டிய கைக்கு நேர் கீழே வரவேண்டும், இரண்டு கால்களுக்கு நடுவில் கை நீண்டால் கவிழும். கையின் பின்பக்கத்தை முழுதும் உள்ளே இழுத்துவிடாமல் கொஞ்சம் நீட்டிவிட்டு, அதில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைத் தொங்கவிடுங்கள். மணலும் ஆகும். கனமாக இருக்கிறதே என்று மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை மட்டும் அள்ளிவந்துவிடாதீர்கள். இல்மனைட் சாதாரண மணலைவிடக் கனம்தான், ஆனால் அதோடு கலந்திருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு. மைக் ஸ்டாண்டுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டாம்.

தரையில் ஜமுக்காளம், அப்பாவுக்கும் மைக்குகளுக்கும் நடுவிலும் விரியுங்கள். ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில் கயிற்றுநார் மிதியடித் துண்டு வையுங்கள், குடத்தின் அதிர்ச்சி தரை வழியாக ஏறாது. குடம் பிரிமணையின் மேல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் வைக்கவும். பாடுகிறவர்களின் முதுகுப்பக்கச் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், கண்டென்சர் மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். யாராவது முட்டை அட்டை ஒட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அது பார்க்கத்தான் ஸ்டுடியோ.

மின்விசிறியை நிறுத்தவேண்டும். வேறு வழியில்லை, வேர்க்கட்டும். காற்றுக்கு ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் பழைய வேட்டியைச் செருகுங்கள். ஒலி அளவைக் காப்புப் பாடலில் வைத்துப் பார்க்காதீர்கள். கதையில் சண்டை வரும் இடத்தைப் பாடச் சொல்லி, அதன் உச்சம் கழித்தல் 12 டெசிபலுக்கு மேல் போகாதபடி வையுங்கள்.

கைபேசியில் குரல் அமுங்குவதற்குக் காரணம், அது தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. மணி அடித்ததும் "அம்மாடி" என்று காதைப் பொத்திக்கொண்டு, பிறகு மெல்லக் கையை எடுக்கிறது. அந்த ஒலியை வீடியோவோடு பொருத்திப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

—

குளச்சல் கேமரா எழுதியது:

அண்ணன் ஒலியைப் பார்த்துக்கொண்டார், நான் கேமராவுக்கு மட்டும் சொல்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பதுதான் என் தொழில், அக்கா.

பெஞ்சை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்து பாடுகிறவரை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் தலையும் வழுக்கையும்தான் தெரியும். முக்காலியைத் தரையில், ஜமுக்காளத்துக்கு வெளியே வைத்து, லென்ஸ் அப்பாவின் கண்ணுக்கு நேராக வரும் அளவுக்கு இறக்குங்கள். தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய இரண்டரை அடி வரும். மைக் தாடைக்குக் கீழே இருப்பதால் வாயை மறைக்காது. மைக் குடம் பக்கமாகத் தள்ளியிருக்கிறது அல்லவா, அதனால் கேமரா எதிர்ப்பக்கம், உடுக்கைக்காரர் பக்கமாக ஓரடி தள்ளட்டும். கண்டென்சர் ஸ்டாண்ட் படத்தின் நடுவில் கம்பமாக நிற்காதபடியும் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்து அகல லென்ஸில் எடுத்தால் வில்லின் நுனி யானைத் தந்தம் மாதிரி நீளும். முன்பக்க கேமரா வேண்டாம், பின்பக்கம்தான் நல்லது. படத்தில் தெரிவது சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

மைக் ஸ்டாண்டிலேயே கிளிப் போட்டுக் கைபேசியை மாட்டிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். செய்யாதீர்கள். கைபேசியைத் தொடும் ஒவ்வொரு தொடலும் மைக்குக்குள் "டொக்" என்று விழும். எப்போதாவது மாற்றி மாட்டவேண்டிவந்தால், கேமரா திருகு கால் அங்குலம், மைக் ஸ்டாண்ட் திருகு 3/8 அல்லது 5/8 அங்குலம். இடையில் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். வலுக்கட்டாயமாகத் திருகி ஒரு முக்காலியைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

ஜன்னலை அடைத்தால் விளக்கைத்தான் நம்பவேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை ஓடும். கைபேசியில் கையால் அமைக்கும் வசதி இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் வீசுகோல் குறுக்கே போகும்போதெல்லாம் அப்பாவின் முகம் மங்கித் தெளியும். ஏரோபிளேன் மோடில் போட மறக்கவேண்டாம். அழைப்பு வந்தால் கெடும், வராவிட்டாலும் கைபேசியின் அலை மைக் வயரில் "டிட் டிட்" என்று ஏறும்.

வீடியோவும் ஒலியும் தனித்தனியாக எடுப்பதால், தொடக்கத்தில் படத்தில் தெரியும்படி ஒருமுறை கை தட்டுங்கள், முடிவிலும் தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மி பிசகும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் எடுத்தால் கடைசியில் உதடும் சொல்லும் ஒட்டாது, துண்டு துண்டாக எடுங்கள். லேப்டாப்பில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

—

மார்த்தாண்டம் மைக்செட் எழுதியது:

தம்பி சொன்னது சரி. துண்டு போடுவதற்கு வில்லுப்பாட்டிலேயே இடம் இருக்கிறது. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம். கதைக்குள் போகும் முன்பே இத்தனை நிறுத்தம். பழையவர்கள் நமக்காகவே வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

—

குலசேகரம் மழைக்காரன் எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் உண்டு. கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காதீர்கள். ஈரம் ஏறினால் பொரிகிற சத்தம் வரும். மூடியிறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கவேண்டாம், தூசி உள்ளே போகும்.

—

தோவாளைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதியம் இரண்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். சந்தை வண்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் இல்லாத நேரம்.

மார்த்தாண்டத்து அண்ணன் சொன்னபடியே மைக்கின் வாலை மணிக்குக் கொடுத்தேன். முதல் வரியைக் கேட்டதும் மாமா என் கையிலிருந்த ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். மணி இருக்கிறது, ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அப்பா மாமா பக்கம் திரும்பிப் பேசும் இடங்களில் குரல் விழவில்லை. அரிசிப் பொட்டலம் தொங்கும் ஸ்டாண்டைப் பார்த்து அம்மா, "இதற்கு என்ன நேர்ச்சை?" என்று கேட்டாள்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. அப்பாவால் பாடமுடியவில்லை. மைக்கைக் கண்டு பயப்படுகிறவர் அல்ல. "மக்களே, யாரைப் பார்த்துப் பாடுவது? அந்தக் கண்ணாடித் துண்டையா?" என்றார். ஏழடி தூரத்தில் இரண்டரை அடி உயரத்தில் ஒரு கைபேசி நிற்கிறது, கொடைக்கு வந்த கூட்டம் இல்லை. கடைசியில் முக்காலிக்குப் பின்னால் அம்மாவை ஒரு பலகை போட்டு உட்காரவைத்தேன். லென்ஸும் அம்மாவின் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்துவிட்டன. அதன்பிறகு அப்பா கேமராவைப் பார்த்துப் பாடுவதாகவே படத்தில் தெரிகிறது. அம்மா மட்டும் நாட்டுவளத்தில் இரண்டு இடத்தில் "ம்ம்" என்று சொல்லியிருக்கிறாள். நான் அதை வெட்டப்போவதில்லை.

ஜால்ராவை மடியில் வைக்க அத்தை மகன் சம்மதிக்கவில்லை. மூன்றடி பின்னால் போனான், சமரசம் ஆகிவிட்டது.

மிச்சம் ஒரே ஒரு தொல்லை. குடத்தை அடிக்கும் பத்தி என்ற மட்டை அதில் விழும் ஒவ்வொரு முறையும், அதன் கும் சத்தத்துக்குப் பின்னால் "ஸ்ஸிர்" என்று ஒரு மெல்லிய அதிர்வு வால் பிடித்து வருகிறது. நேரில் கேட்டால் தெரியவில்லை. கண்டென்சர் மைக்கின் பதிவில் மட்டும் இருக்கிறது. மைக்தான் கெட்டுவிட்டதா? நேற்று இரவு அதைச் சிலிகா ஜெல்லோடு டப்பாவில் வைத்தும் பார்த்தேன். காலையில் அதே சத்தம்.

—

மார்த்தாண்டம் மைக்செட் எழுதியது:

மைக் கெடவில்லை. உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று குடத்துக்கு "ஆமா" போடுகிறது. குடத்தின் சுருதிக்கு ஒத்துப்போகும் எந்தப் பொருளும் தானாக அதிரும். மாமாவைக் குடத்தை ஒரே சீராக மெல்ல அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அறையைச் சுற்றி வந்து கண்ணாடி, ஜன்னல் கொக்கி, தட்டில் இருக்கும் பாத்திரம், சுவர்ப் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே செய்யுங்கள். அடுக்களையையும் விடவேண்டாம்.

—

தோவாளைக்காரி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. மாமாவின் கை ஓய்ந்துவிட்டது.

ஜன்னல் கொக்கி இல்லை, அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகளும் இல்லை. முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அப்பாவுக்குக் கொடைகளில் கொடுத்த கேடயங்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவது தட்டில் ஒரு கேடயம். அதில் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டின் ஒரு மூலையில் ஆணி கழன்றிருக்கிறது. விரலை வைத்தேன், நின்றது. எடுத்தேன், "ஸ்ஸிர்".

அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, "அப்போதே ஆணி மூன்றுதான் அடித்தார்கள், நான் எண்ணினேன்" என்றார்.

தகட்டுக்கு அடியில் மடித்த காகிதத்தைச் செருகி, கேடயத்தை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வரும் ஞாயிறு மதியம் கதைக்குள் போகிறோம்.